அம்மன் குதிகால்

காஹாங்
11 ஜனவரி 2025

புஷ்பவள்ளி அண்ணிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கத்தான் தமிழ்ப்பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். நீங்கள் நலமா இல்லையா என்பது ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். கடை நம்பரையும், என் பிள்ளை லோஷினி பள்ளிப் பாடத்துக்கு வைத்திருக்கிற நம்பரையும்கூட. தபால்காரரை பிளாக் செய்ய முடியாது, அதனால் பேனா பிடித்திருக்கிறேன். கையெழுத்து கோணல்தான். விஷயம் நேரானது.

நீங்களும் உங்கள் பிள்ளை கவினும் கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இந்த மாதமே. லோஷினியின் டாக்டர் உறவினர்களுக்கென்று எழுதிக் கொடுத்த கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். எந்த அரசாங்க கிளினிக்கில் காட்டினாலும் எடுப்பார்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், முழுதாகப் படியுங்கள்.

என் புருஷன், உங்கள் தம்பி ரூபேந்திரனின் கருமாதி அன்று பந்தியில் இலை போட்டு, நான்தான் உங்களுக்குச் சோறு வைத்தேன். நீங்கள் எழுந்து நின்றீர்கள். "என் தம்பிய சாமி கொண்டுபோகல. இவ சட்டிதான் கொன்னுச்சு. தேங்காப்பாலும் எண்ணெயுமா ஊத்தி ஊத்தி நாப்பத்தோரு வயசுல அனுப்பிட்டா" என்று சொன்னீர்கள். எழுபது பேர் கேட்டார்கள். சோற்றைத் தொடாமலே இலையை மூடிவிட்டு நடந்தீர்கள். அன்றிலிருந்து ஒன்றேகால் வருடமாக என் காலைச் சாப்பாட்டுக் கடைக்குப் பழைய ஆட்கள் பாதி பேர் வருவதில்லை. தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக் வாங்க வந்த ஒரு பெண்ணை அவள் மாமியார் கையைப் பிடித்து இழுத்துப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

எனக்குக் கோபம் வந்தால் அழுகை வராது, பிடிவாதம்தான் வரும். சட்டிதான் கொன்றது என்றால் அதே சட்டியில்தான் நானும் பதினாறு வருடம் தின்றேன். லோஷினி பத்து வருடமாகத் தின்கிறாள். எங்கள் இரண்டு பேர் ரத்தத்தையும் பார்த்துவிடுவோம் என்று கிளம்பிப் போனேன். மறைப்பானேன், உங்களை ஜெயிக்கத்தான் போனேன்.

என்னுடையது 4.7. ஐந்தைத் தாண்டாமல் இருந்தால் நல்ல கணக்கு என்றார்கள். லோஷினியுடையது 8.6.

அண்ணி, லோஷினியை உங்களுக்குத் தெரியும். காற்றடித்தால் பறக்கிற உடம்பு. பத்து வயதுப் பிள்ளைக்கு 8.6 வராது, குழாய் மாறியிருக்கும் என்று நர்ஸ் திரும்பவும் எடுத்தார். திரும்பவும் அதேதான். அங்கிருந்து ஜொகூர் பாருவில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் ஹபீபா என்று நம் தமிழ்ப் பெண். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். லோஷினியின் கண்ணிமை, முழங்கை, கணுக்கால் எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "அக்கா, இவ அப்பாவுக்குக் குதிகாலுக்கு மேல தடிப்பு ஏதாச்சும் இருந்துச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருந்ததாவா? அந்தத் தடிப்புதானே உங்கள் குடும்பத்தின் பட்டயம். கல்யாணமாகி வந்த வருடமே பார்த்தேனே. தோட்டத்து மாரியம்மன் தீமிதிக்கு முன்னால் உங்கள் வீட்டு ஆண்களை வரிசையாக முட்டிபோட வைத்து, பெரியவர் ஒருவர் பின்னாலிருந்து குதிநரம்பை அமுக்கிப் பார்ப்பார். யாருடையது தடித்திருக்கிறதோ அவருக்கு அம்மன் குதிகால், அவருக்குத்தான் முதல் நடை. உங்கள் அப்பா அய்யாவு இருபது வருடம் முதலில் நடந்தார், அதன்பின் உங்கள் தம்பி.

போனில் உங்கள் தம்பி தீக்குழியில் இறங்குகிற படம் இருந்தது, பின்னாலிருந்து எடுத்தது. காட்டினேன். டாக்டர் இரண்டு விரலால் குதிகாலைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அக்கா, இது கொழுப்பு. ரத்தத்துல தேங்குன கொழுப்பு நரம்புல வந்து படியும். இதயக் குழாயிலயும் இப்படித்தான் படிஞ்சிருக்கும்" என்றார்.

மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பி மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. லோஷினிக்கு இது அப்பா வழியில் வந்திருக்கிறது. என் ரத்தத்தில் அது இல்லை. சட்டியில் இருந்தும் வரவில்லை.

உங்கள் பெரியப்பா முப்பத்தொன்பதில், அப்பா நாற்பத்து மூன்றில், தம்பி நாற்பத்தொன்றில். அம்மனுக்குப் பிடித்தவர்களை அவள் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வாள் என்று உங்கள் வீட்டில் சொல்வீர்கள். உங்களுக்கு நாற்பத்தேழு. ரத்தம் எடுங்கள்.

வாசுகி


கெலாங் பாத்தா
26 ஜனவரி 2025

வாசுகிக்கு,

கடிதம் கிடைத்தது. டாக்டர் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதை என் வீட்டில் வைத்திருக்க இஷ்டமில்லை. உன் நம்பரைத் திரும்பச் சேர்ப்பதாகவும் இல்லை, அதனால்தான் தாளில் பதில்.

நீ நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறாய். உன் சட்டியைக் காப்பாற்ற எங்கள் ரத்தத்தைக் குறை சொல்கிறாய். செத்துப்போனவன் வந்து இல்லை என்று சொல்ல மாட்டான் என்ற தைரியம்.

அம்மன் குதிகாலைக் கொழுப்பு என்று சொல்ல அந்த டாக்டர் யார்? அவர் தீமிதியை ஒரு தடவையாவது பார்த்திருப்பாரா? என் அப்பா இருபது வருடம் நெருப்பில் நடந்து ஒரு கொப்புளம் வந்ததில்லை. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்ட பிறகு தோட்டத்தில் எங்களுக்கென்று எதுவும் மிஞ்சவில்லை. நாங்கள் குடியிருந்த லயத்தை இடித்தார்கள். பள்ளிக்கூடத்தை டவுனுக்கு மாற்றினார்கள். அந்தக் கோவிலும் முதல் நடையும்தான் எங்கள் கையில் இருப்பது. அதையும் ஒரு வியாதி என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்புகிறாய்.

எனக்கு ஒன்றும் இல்லை. காலை நாலரைக்கு பஸ் ஏறி இரண்டாம் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய், துவாஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிறேன். நோயாளி செய்கிற வேலையா அது?

இந்த வருடம் மே 25 தீமிதியில் கவின்தான் முதல் நடை. என் பிள்ளைக்குப் பத்தொன்பது ஆகிவிட்டது, கோவில் கமிட்டியில் பெயர் கொடுத்தாயிற்று. நீ வர வேண்டிய அவசியமில்லை.

லோஷினி மேல் எனக்குக் கோபம் கிடையாது. அது என் தம்பி பிள்ளை. அதற்கு மாத்திரை கொடுக்கிறார்களா? எத்தனை நாளைக்கு?

புஷ்பவள்ளி


காஹாங்
4 பிப்ரவரி 2025

அண்ணிக்கு,

டாக்டர் கடிதத்தை மூன்று நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். திருப்பி அனுப்புங்கள், நான் ஆறாக அனுப்புகிறேன். இந்த ஊர் நகல் கடையில் இருக்கிற இயந்திரம் என்னைவிட முன்னால் களைத்துப்போகும்.

லோஷினிக்கு மாத்திரை ஆயுசுக்கும். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. ஏற்கெனவே 8.6 இருந்தது 5.4க்கு இறங்கிவிட்டது. அதைக் கேட்டீர்களே, அதற்காக உங்கள் கடிதத்தின் மற்ற வரிகளை மன்னித்துவிட்டேன். எல்லாவற்றையும் இல்லை.

ரத்தத்தைக் குறை சொல்கிறேன் என்கிறீர்கள். லோஷினி யார் ரத்தம்? என் பிள்ளையை நானே குறை சொல்வேனா? டாக்டர் எனக்குத் தாளில் படம் போட்டுக் காட்டினார். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் கல்லீரலில் ஆயிரக்கணக்கான வாசல் இருக்கிறதாம். ரத்தத்தில் போகிற கொழுப்பை அந்த வாசல் வழியாக உள்ளே இழுத்துச் சுத்தம் செய்யும். அந்த வாசலை எப்படிக் கட்ட வேண்டும் என்கிற குறிப்பு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று, ஆக இரண்டு படி நமக்கு வருகிறது. உங்கள் வீட்டு வழியில் வருகிற ஒரு படியில் எழுத்துப் பிழை. அதை வைத்துக் கட்டிய வாசல் திறக்காது. பாதி வாசல் மூடியே கிடந்தால் கொழுப்பு எங்கே போகும்? பிறந்த நாளிலிருந்து ரத்தத்திலேயே சுற்றும். இருநூறு முந்நூறு பேரில் ஒருவருக்கு இது இருக்கிறதாம். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பார்ப்பதில்லை.

சாப்பாட்டைக் குறைத்தால் கொஞ்சம் இறங்கும், ஆனால் அது மட்டும் போதாது. நான் உங்கள் தம்பிக்குத் தினமும் கீரையை அவித்துப் போட்டிருந்தாலும் மாத்திரை இல்லாமல் அவரைக் காப்பாற்றியிருக்க முடியாது. இதைக் கேட்ட அன்றைக்கு நான் டாக்டர் மேசையில் தலை கவிழ்த்து அழுதேன். உங்கள் பேச்சை நானும் பாதி நம்பியிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அந்தப் பிழைப் படி ஒவ்வொரு பிள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம். பூவா தலையா போட்டது மாதிரிதான். உங்கள் தம்பிக்கு வந்தது. உங்களுக்கு வந்ததா என்று நான் ஊகிக்கவே வேண்டாம். கல்யாணமான முதல் தீபாவளிக்கு என் கையைப் பிடித்து இழுத்து உங்கள் குதிகாலில் வைத்து, "தொட்டுப் பாரு. எனக்கும் அம்மன் குதிகால்தான்" என்றீர்கள். என் பெருவிரல் தடிமன் இருந்தது. கவினுக்கு வந்ததா என்பதை அவன் குதிகாலைப் பார்த்துச் சொல்ல முடியாது. லோஷினிக்கும் வழவழவென்றுதான் இருக்கிறது, ஆனால் ரத்தம் வேறு கதை சொன்னது. சின்ன வயதில் வெளியே தெரியாதாம்.

துவாஸில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறேன் என்கிறீர்கள். உங்கள் தம்பி கடைசி நாள் காலையில் ஏழு டன் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டுதான் லாரியில் போனார். ஆலை வாசலில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு அப்படியே சாய்ந்தார். நோயாளி செய்கிற வேலையா அது?

மே 25க்கு வர வேண்டாம் என்றீர்கள். வருவேன். அதற்குள் நீங்களும் கவினும் ரத்தம் எடுக்கவில்லை என்றால் தீக்குழி முன்னால் நின்று மைக்கைப் பிடுங்கி எல்லாவற்றையும் சொல்வேன். கருமாதிப் பந்தியில் பேச உங்களுக்கு உரிமை இருந்தால் கோவிலில் பேச எனக்கும் இருக்கிறது.

வாசுகி


கெலாங் பாத்தா
9 மார்ச் 2025

வாசுகி,

உன் மிரட்டலுக்குப் பயந்து எழுதவில்லை. அதை முதலில் தெரிந்துகொள்.

நீ அனுப்பிய மூன்று நகலில் ஒன்றைக் கவின் எடுத்துக்கொண்டு, என்னிடம் சொல்லாமல் பாலிடெக்னிக் பக்கத்தில் இருக்கிற கிளினிக்குக்குப் போயிருக்கிறான். போன வாரம் நான் வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும் சீட்டை மேசையில் வைத்தான். 4.1.

"எனக்கு இல்லம்மா. இனி நீங்க பாருங்க" என்றான்.

இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அந்தச் சீட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, ஏமாற்றம். அவனுக்கு அம்மன் குதிகால் இனி வரவே வராது என்பதுதான் முதலில் தோன்றியது. சின்னதில் இருந்து அவன் தூங்கும்போது குதிகாலை அமுக்கி அமுக்கிப் பார்ப்பேன். மெல்லிசாக இருக்கும், மனசு குறையும். வயசானால் தடிக்கும் என்று கமிட்டியில் கதை சொல்லி வைத்திருந்தேன். என் பிள்ளை ரத்தம் நன்றாக இருக்கிறது என்று தாளில் எழுதி வந்திருக்கிறது, பெற்றவள் அதைப் பார்த்து முகம் சுண்டுகிறாள். அவன் அதைப் பார்த்துவிட்டான் வாசுகி. "என்னம்மா, ஃபெயில் ஆயிட்டேனா?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நான் எழுந்து குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

உனக்கு ஒன்று தெரியாது. எங்கள் இரண்டு பேரில் குதிகால் முதலில் தடித்தது எனக்குத்தான், தம்பிக்கு அல்ல. எனக்குப் பதினெட்டு இருக்கும். அப்பா அமுக்கிப் பார்த்துவிட்டு, "அலமாக், இவளுக்குல வந்திருக்கு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் இல்லை. அடுத்த வருடம் போய்விட்டார். பொம்பளைக்கு முதல் நடை இல்லை என்று கமிட்டி சொல்லிவிட்டது. தம்பிக்குத் தடிக்கிற வரை ஐந்து வருடம் முதல் நடைக்கு ஆள் இல்லாமல் தட்டில் வேப்பிலையை வைத்துக் குழியில் இழுத்தார்களே தவிர என்னை இறங்க விடவில்லை. நானும் பொறுத்துக்கொண்டேன். யார் இறங்கினால் என்ன, குதிகால் என்னிடம் இருக்கிறது என்று இருந்தேன். இந்த உலகத்தில் எனக்கென்று அப்பா விட்டுப்போனது அது ஒன்றுதான். அதைத்தான் நீ கொழுப்பு என்கிறாய்.

நான் இன்னும் ரத்தம் எடுக்கவில்லை. பயமா என்று கேட்காதே.

துவாஸ் சோதனைச்சாவடியில் படி ஏறும்போது இப்போதெல்லாம் நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது. பின்னால் வருகிறவர்களிடம் கால் வலி என்கிறேன். வலி காலில் இல்லை.

புஷ்பவள்ளி


காஹாங்
14 மார்ச் 2025

அண்ணி,

இது விரைவுத் தபாலில் வருகிறது, நாளைக்குக் கிடைத்துவிடும்.

உங்கள் கடைசி இரண்டு வரியைப் படித்துவிட்டுத் தோசைக்கல்லில் ஒரு தோசையைக் கருக்கிவிட்டேன். உங்கள் தம்பியும் கடைசி மாதம் முழுக்க நெஞ்சு எரிச்சல், வாயு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். இஞ்சி தட்டிக் கொடுத்தேன். நான் செய்த தப்பு அதுதான் அண்ணி, இஞ்சி. அதை நீங்கள் பந்தியில் சொல்லியிருந்தால் தலைகுனிந்து நின்றிருப்பேன். இன்னொரு தடவை இஞ்சி தட்ட நான் தயாராக இல்லை.

அப்பா விட்டுப்போனது குதிகால் ஒன்றுதான் என்று யார் சொன்னது? பத்தொன்பது வயதில் முதல் நடை கேட்டு நின்ற பிடிவாதம் யாருடையது? லோஷினியிடமும் அதுதான் இருக்கிறது. மாத்திரையை ஏன் சாப்பிடுகிறாய் என்று கேட்ட வகுப்புத் தோழியிடம், "எங்க அப்பா குடுத்தத நான் பாத்துக்கிறேன், ஒனக்கென்ன லா" என்று சொல்லிவிட்டு வந்தாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை கடை கிடையாது என்று பலகை எழுதி மாட்டிவிட்டேன். காலை எட்டு மணிக்கு உங்கள் கேட்டுக்கு வெளியே நிற்பேன். நீங்கள் அன்று லீவு போடுங்கள். கதவைத் திறக்கவில்லை என்றாலும் நிற்பேன். என்னோடு பேச வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம், முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். காரில் ஏறினால் போதும்.

வாசுகி


கெலாங் பாத்தா
20 ஏப்ரல் 2025

வாசுகி,

மாடிப்படி ஏற இன்னும் ஒரு மாதம் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை, அதனால் எழுதுகிறேன். போனில் பேசலாமே என்பாய். முகத்துக்கு நேரே சொல்ல வராதது எனக்குத் தாளில் வருகிறது.

அன்றைக்கு உன்னை ஐம்பது நிமிடம் கேட்டில் நிற்க வைத்தேன். ஜன்னல் திரை வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போய்விடுவாய் என்று நினைத்தேன். நீ பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியிடம் மலாயில் கதை பேசி, அவள் கொடுத்த நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்துவிட்டாய். இவள் பொங்கலுக்கும் இங்கேயே இருப்பாள் என்று தெரிந்துதான் செருப்பை மாட்டினேன்.

9.9. அந்த எண்ணை டாக்டர் ஹபீபா சொன்னபோது என் பக்கத்தில் நீ இருந்தாய். அதற்கப்புறம் குழாயில் கருவி விட்டுப் பார்த்து, இரண்டு இடத்தில் அடைப்பு, ஒன்று நூல் விடுகிற அளவுதான் திறந்திருக்கிறது என்றார்கள். உள்ளே கம்பி வலை வைத்து அனுப்பும்வரை மூன்று நாள் நீ வார்டு வராந்தாவில் இருந்தாய். கவின் சொன்னான். என்னைப் பேசு என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய், பாவி.

படுத்துக்கிடந்தபோது ஒன்று யோசித்தேன். அம்மன் குதிகால் பொய் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் ஆட்கள் எத்தனையோ தலைமுறையாக முன்கூட்டிச் சாகிறார்கள். உள்ளே இருக்கிற கோளாறை யார் கண்ணால் பார்க்க முடியும்? அவள் வெளியே ஓர் அடையாளம் போட்டுக் காட்டியிருக்கிறாள். பார்த்து பத்திரம் என்றுதான் காட்டியிருக்கிறாள். நாங்கள் அதை மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு நெருப்பில் நடக்கப் போய்விட்டோம். தப்பு அவளிடம் இல்லை, அந்த அடையாளத்தைப் பிழையாகப் படித்த எங்களிடம். இப்படித்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். டாக்டரிடம் சொன்னேன், அவரும் சிரித்துவிட்டு, "இப்படியே எல்லாருக்கும் சொல்லுங்க ஆன்ட்டி" என்றார்.

அதனால் சொல்லப்போகிறேன்.

கமிட்டித் தலைவர் விஜயன் சித்தப்பாவுக்கு நேற்று போன் போட்டு வரச்சொன்னேன். வந்து ஹாலில் உட்கார்ந்தார். இந்த வருடம் குதிகால் பார்க்கிறது நான்தான் என்றேன். ஆண் பெண் எல்லாரும், பன்னிரண்டு வயசுப் பிள்ளையிலிருந்து அறுபது வயசு வரை, நம் வம்சத்து ஆட்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் முட்டிபோட வேண்டும். தடித்த குதிகாலும் சரி, வழவழப்பான குதிகாலும் சரி, எழுந்ததும் நேராகப் பக்கத்துக் கூடாரத்துக்குப் போய்க் கையை நீட்ட வேண்டும். அங்கே டாக்டர் ஹபீபா இரண்டு நர்ஸோடு இருப்பார், கேட்டுவிட்டேன். ரத்தம் கொடுக்காதவர்கள் குழியில் இறங்கக் கூடாது.

சித்தப்பா காபியைக் கீழே வைத்துவிட்டார். "சாமி காரியத்துல ஆஸ்பத்திரிய கொண்டாந்து விடாதம்மா. அதுவும் பொம்பள அமுக்கிப் பாக்கிறதாவது. நம்ம வழக்கத்துல கெடையாது" என்றார்.

"உங்க குதிகால காட்டுங்க சித்தப்பா" என்றேன்.

சட்டென்று காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். வாசுகி, நீ பார்த்திருக்க வேண்டும். அறுபது வயதுக் கமிட்டித் தலைவர், கணக்கு வாத்தியாரைப் பார்த்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். "அப்பா, பெரியப்பா, தம்பி, மூணு பேர நெருப்புல எறக்கி வேடிக்க பாத்தோம். பொணமா தூக்கவும் போனோம். வழக்கம் என்ன சொல்லுச்சு? இந்த வருஷம் நான்தான் பாக்கிறேன். இல்லன்னா இந்த வருஷம் தீமிதியே இல்ல, குழி முன்னால பாய போட்டுப் படுத்துருவேன். இதயத்துல கம்பி வெச்ச பொம்பளைய யார் தூக்கறாங்கன்னு பாக்கிறேன்" என்றேன். கவின் சமையலறையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

சித்தப்பா போகும்போது வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார். "ரத்தம் எடுக்க வெறும் வயித்துல வரணுமா?"

முதல் நடை கவின்தான். குதிகால் மெல்லிசாகவே இருக்கட்டும். நடக்க அவனுக்கு ஆசை இருக்கிறது, விரதம் பிடிக்கிறான், அது போதும். அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

புஷ்பவள்ளி


காஹாங்
3 மே 2025

அண்ணி,

உங்கள் கடிதத்தை லோஷினிக்குப் படித்துக் காட்டினேன். விஜயன் தாத்தா காலை இழுத்துக்கொண்ட இடத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். அவளுக்குப் பன்னிரண்டு ஆகவில்லையே, வரிசையில் நிற்க விடுவீர்களா என்று கேட்கிறாள். அவள் ரத்தம் ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆனாலும் அத்தை கையால் அமுக்க வேண்டுமாம்.

செல்லம் அக்கா வீட்டு ஐந்து பேரையும் சேர்த்து, காஹாங்கில் இருக்கிற உங்கள் சொந்தம் மொத்தம் இருபத்திரண்டு பேர், எல்லாருக்கும் நானே போய்ச் சொல்லிவிட்டேன். இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். திங்கட்கிழமை திரும்பப் போவேன். கேட்டில் நிற்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

ஒன்றை எழுதிவிட்டு அடித்து, திரும்ப எழுதுகிறேன். குதிகாலைப் பற்றி எழுதினீர்கள், அம்மனைப் பற்றி, கமிட்டியைப் பற்றி, கவினிடம் மன்னிப்புக் கேட்டதைப் பற்றி. அந்தக் கருமாதிப் பந்தியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டாம் என்று நான்தான் எழுதினேன், நினைவிருக்கிறது. உங்களைக் காரில் ஏற்ற எழுதியது அது. மனசார எழுதியதில்லை.

எழுபது பேர் கேட்டார்கள் அண்ணி. கதவைச் சாத்திய இரண்டு வீடும் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்த வீடுகள்தான். கொன்றவள் வந்து வைத்தியம் சொல்கிறாள் என்றுதான் உள்ளேயிருந்து குரல் வந்தது. நான் யாரிடமும் அழுது நிற்க மாட்டேன். ஆனால் எனக்கு வர வேண்டியது ஒன்று பாக்கியிருக்கிறது, அதை விட்டுக்கொடுக்கவும் மாட்டேன்.

வாசுகி


கெலாங் பாத்தா
8 மே 2025

வாசுகிக்கு,

தாளில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்றுதான் எழுதாமல் விட்டேன். எழுபது பேர் முன்னால் சொன்னதை உன் ஒருத்திக்குக் கடிதம் போட்டுத் திருப்பி எடுத்தால் அது களவு. அவர்கள் முன்னாலேயே எடுக்க வேண்டும்.

மே 25 அன்னதானத்துக்கு நீதான் சமைக்கிறாய். கமிட்டியில் பேசிவிட்டேன், இருநூறு இலை. யார் வாயைத் திறந்தாலும் என்னிடம் அனுப்பு. எனக்குப் பத்தியம் என்று தனியாக எதுவும் செய்யாதே. தேங்காய்ப்பாலைக் கொஞ்சம் குறைத்து எல்லாருக்கும் ஒரே சட்டியில் வை. லோஷினி வரிசையில் முதலாவதாக முட்டிபோடட்டும், அவளுடைய குதிகாலைத்தான் நான் முதலில் தொடுவேன்.

பந்தி போட்டதும் அன்று மாதிரியே எல்லாரும் பார்க்க உட்காருவேன். முதல் இலை எனக்குப் போடு, உன் கையால் சோறு வை. மைக்கைப் பிடுங்க வேண்டாம், சித்தப்பாவே கொண்டுவந்து என் கையில் கொடுப்பார். என் தம்பியைக் கொன்றது இவள் சட்டி இல்லை, என்னைக் காப்பாற்றியது இவள் என்று சொல்வேன். சொல்லிவிட்டு அந்த இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் எல்லாரும் பார்க்கச் சாப்பிடுவேன். நான் எழுந்திருக்கிற வரை ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது.

பதினாறு வருடமாக உன் சமையலில் எனக்கு உண்மையாக இருந்த குறை, சாம்பாரில் உப்பு கம்மி என்பது ஒன்றுதான். அதையும் மைக்கிலேயே சொல்லிவிடுவேன். இப்போதே திருத்திக்கொள்.

உன் அண்ணி,
புஷ்பவள்ளி